கடலில் வரும் புயல், சூரியனில் வரும் புயல்: எதை எப்போது பார்ப்பது?

கேட்டது இதுதான். கடலூர்ப் பக்கம் வீடு, அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறார், மகன் ட்ரோன் சர்வே வேலை பார்க்கிறார். மழைக்காலம் வந்தாலே வானிலை எச்சரிக்கை என்று நாளைக்குப் பத்து வாட்ஸாப் செய்தி வருகிறது, போதாக்குறைக்கு "சூரியப் புயல் வருகிறது, ஜிபிஎஸ் போய்விடும்" என்று வேறு. எதைப் பார்ப்பது, எதை விடுவது, சூரியனுக்கு நிஜமாகவே பயப்படணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வானிலைத் துறைக்காரன் இல்லை. டெல்டாவில் இருந்துகொண்டு இருபது வருடமாக ஹாம் ரேடியோ (தனியாள் வீட்டிலேயே வைத்துப் பேசும் அமெச்சூர் வானொலி) வைத்திருப்பவன், அதனால் வானத்தையும் சூரியனையும் தினமும் பார்த்தே ஆகவேண்டிய ஆள். அந்த அளவில் சொல்கிறேன்.

2024 மே மாதத்தில் ஒரே ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மே 10 இரவு சூரியனிலிருந்து வந்து பூமியைத் தாக்கியது ஜி5 காந்தப் புயல், ஜி1 முதல் ஜி5 வரைதான் அந்த அளவுகோல், அதற்கு மேல் படியே கிடையாது. 2003க்கு அப்புறம் அவ்வளவு பெரிய காந்தப் புயல் வந்ததில்லை. லடாக்கில் ஹான்லே பக்கம் வானம் செக்கச்செவேலென்று இருந்ததைப் படம் எடுத்தார்கள், அந்தப் படம் எல்லோர் கைபேசிக்கும் வந்தது. நம்மூரில் ஒரு மின்விசிறிகூட நிற்கவில்லை. அதற்கு நான்கு நாள் முன்னால், மே 6 அன்று, கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது. அன்றைக்குப் புயலும் இல்லை, பெருமழையும் இல்லை. ஆனால் கள்ளக்கடல் (காற்றே இல்லாத நாளில் திடீரென்று மேலே ஏறும் கடல்) எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. எல்லோரும் பேசியது சூரியனைப் பற்றி, உயிர் போனது யாரும் பகிராத ஓர் அறிவிப்பில். உங்கள் கேள்விக்கு என் பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி, ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஒரு கடிகாரம் உண்டு என்பது. புயல் என்றால் மூன்று நாள் முன்னால் தெரியும். மேகம் திரண்டு கொட்டும் மழைக்கு மூன்று மணி நேரம். இடிமின்னலுக்கு அரை மணி கிடைத்தால் பெரிது. சூரியனில் வெடிப்பு என்றால் சில வகைக்கு மூன்று நாள், சில வகைக்குப் பூஜ்யம், செய்தி வருவதும் விளைவு வருவதும் ஒன்றாகத்தான். இந்தக் கணக்குப் புரியாமல் எல்லாச் செயலியையும் ஏற்றிவைத்துக்கொண்டால் நாள் முழுக்கப் போன் டிங் டிங் என்று கத்தும், ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் ம்யூட் பண்ணிவிடுவீர்கள். நான் அப்படிப் பண்ணியிருக்கிறேன்.

சரி, முதலில் நம் புயல். தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிர புயல், மிகத் தீவிர புயல் என்று படிப்படியாகச் சொல்கிறார்களே, அந்தப் படி முழுக்க முழுக்கக் காற்றின் வேகத்துக்கானது. மணிக்கு 62 கி.மீ. தாண்டினால் புயல், பெயர் கிடைக்கும். 89 தொட்டால் தீவிர புயல், 118 தொட்டால் மிகத் தீவிர புயல். மழைக்கும் இந்தப் படிக்கும் சம்பந்தமே கிடையாது, இதுதான் பலருக்கும் பிடிபடாத விஷயம். உங்கள் ஊரிலேயே இரண்டு உதாரணம் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 காலையில் வந்த தானே, காற்றுப் புயல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை அப்பா சொல்லியிருப்பார். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், பெயர் கிடைக்கும் படிகளில் ஆகக் கீழ்ப்படிப் புயல், அதுவே ஆகுமா ஆகாதா என்று கடைசி வரை இழுத்தடித்தது. "ப்பூ, இவ்வளவுதானா" என்று பலர் கிண்டல் செய்துகொண்டிருக்கும்போதே அது கரையேறிய இடத்தில் நகராமல் உட்கார்ந்துவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை கடலூர் வரை ஊர்களை மூழ்கடித்தது. அதற்கும் முந்தைய வருடம், 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தபோது அங்கே புயலே கிடையாது. பெயரும் கிடையாது, சும்மா ஒரு மேலடுக்குச் சுழற்சி. ஆகவே பெயர் வைத்திருக்கிறார்களா என்பதை வைத்து ஆபத்தை எடை போடாதீர்கள்.

மழைக்குப் பார்க்க வேண்டியது வானிலை மையம் எச்சரிக்கையோடு போடும் நிறம். பச்சை என்றால் ஒன்றுமில்லை, மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் செய்ய வேண்டியதை இப்போதே செய். வெறும் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல் கூடவே வரும் சொல்லையும் பாருங்கள். கனமழை என்பது ஒரு நாளில் 64.5 மி.மீ.க்கு மேல், மிக கனமழை 115.6க்கு மேல், அதி கனமழை என்றால் 204.5 மி.மீ. தொடங்கி எவ்வளவு வேண்டுமானாலும். கடைசிச் சொல்லில்தான் வில்லங்கம். 21 செ.மீ. பெய்தாலும் அதி கனமழைதான், காயல்பட்டினத்தில் பெய்த 95ம் அதி கனமழைதான். சிவப்பு ஒரே சிவப்பு, உள்ளே எவ்வளவு என்று அது சொல்லாது. இன்னொன்று, "ஓரிரு இடங்களில்" என்று போட்டிருப்பார்கள். மாவட்டம் முழுக்கச் சிவப்பு அடித்திருந்தாலும் உங்கள் தெருவில் வெயில் காயலாம். அதற்காக "பொய் சொல்லிட்டாங்க" என்று திட்டுவதில் அர்த்தமில்லை, பக்கத்து ஒன்றியத்தில் போய்க் கேட்டால் தெரியும்.

இப்போது புயல் செய்திக்குறிப்பை எப்படிப் படிப்பது என்று ஒரு முறை பொறுமையாகப் பார்த்துவிடலாம், இதைத் தெரிந்துகொண்டால் வாட்ஸாப் வேண்டாம். கற்பனையாக ஒரு வரி வைத்துக்கொள்வோம்: "காலை 8.30 மணி நிலவரப்படி 11.0 டிகிரி வட அட்சம், 82.2 டிகிரி கிழக்குத் தீர்க்கத்தில் மையம் கொண்டுள்ளது, கடந்த 6 மணி நேரத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் மேற்கு வடமேற்காக நகர்ந்தது." முதலில் பார்க்க வேண்டியது நேரம். 8.30 நிலவரத்தைத் தயார் செய்து வெளியிட்டு உங்கள் கைக்கு வர 11 மணி ஆகலாம், அதற்குள் அது 25 கி.மீ. நகர்ந்திருக்கும். அப்புறம் இடம். நம் அகலாங்கில் ஒரு டிகிரி என்றால் ஏறத்தாழ 110 கி.மீ. கடலூர் 11.75, 79.77. கிழக்கு மேற்காக இரண்டரை டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு, வடக்கு தெற்காக முக்கால் டிகிரி, ஆக மொத்தம் சுமார் 280 கி.மீ. தூரம். இதே வேகம் இருந்தால் 28 மணி நேரம். ஆனால் இதே வேகம் இருக்காது. கரைக்கு அருகே வந்ததும் சில வேகம் பிடிக்கும், சில ஃபெஞ்சல் மாதிரி சம்மணம் போட்டு உட்காரும். அதனால் அடுத்த குறிப்பில் வேகம் பாதியாகக் குறைந்திருந்தால் "அப்பாடா, மெதுவாகிவிட்டது" என்று நினைக்காதீர்கள், மெதுவான புயல் மழைக்குக் கெட்டது. பாதையைச் சுற்றிக் கூம்பு மாதிரி வரைந்திருப்பார்களே, அது புயலின் மையப்புள்ளி எங்கெங்கே போகலாம் என்பதற்கான எல்லை மட்டும்தான். கூம்புக்கு வெளியே இருப்பதால் மழை வராது என்று அர்த்தமில்லை. நம் கரையில் மையத்துக்கு வடக்கே இருப்பவர்களுக்குத்தான் கடலிலிருந்து நேராக அடிக்கும் காற்றும் கூடுதல் மழையும்.

ரேடார் படமும் பாருங்கள், ஆனால் நேரத்தைப் பார்த்துப் பாருங்கள். 2018 நவம்பர் 15 இரவு, கஜா. மன்னார்குடியில் உறவினர் வீட்டில் இருந்தேன். கரண்ட் போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது, போனில் எப்படியோ காரைக்கால் ரேடார் படம் ஒன்று திறந்தது. ஓரத்தில் 19:30 என்று இருந்தது. ஏழரை மணிப் படம், பழசு, இதைப் பார்த்து என்ன பிரயோஜனம் என்று போனை வைத்துவிட்டேன். அது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் நள்ளிரவு தாண்டி 1 மணி, அதாவது அந்த நிமிடத்துப் படம், கண் கரையேறிக்கொண்டிருந்த நேரம். தொழில் மாதிரி யுடிசியில் குறிப்பு எழுதும் ஹாம்காரனுக்கே பதற்றத்தில் இது மறந்துபோனது, ஆகவே உங்கள் போனில் யுடிசி கடிகாரம் ஒன்றை வைத்துவிடுங்கள். வேதாரண்யம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் அப்புறம் சொன்னது இன்னும் முக்கியம். வாடையாக வெளுத்து வாங்கிய காற்று சட்டென்று நின்றுவிட்டது, புயல் முடிந்தது என்று ஓடு சரிந்ததைப் பார்க்க வெளியே வந்திருக்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் சோழகமாகத் திரும்பி முன்னைவிட மோசமாக அடித்திருக்கிறது. வடக்குக் காற்றுக்குத் தாக்குப்பிடித்த மரமெல்லாம் தெற்குக் காற்றில் விழுந்தது. காற்று படிப்படியாகக் குறைந்தால் புயல் விலகுகிறது. சுவிட்சை அணைத்த மாதிரி நின்றால் நீங்கள் கண்ணுக்குள் இருக்கிறீர்கள்.

அப்பாவுக்கு வருவோம். அவருக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை, துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு அவருக்கு மனப்பாடமாக இருக்கும். உங்களுக்காகச் சொல்கிறேன். 1, 2 என்றால் தூரத்தில் எங்கோ உருவாகியிருக்கிறது, இந்தத் துறைமுகத்துக்கு உடனடி ஆபத்து இல்லை, ஆனால் கிளம்பிப் போகும் படகு அதில் மாட்டலாம். 3, 4 என்றால் இங்கேயே மோசமான வானிலை. 5, 6, 7 ஆபத்து, 8, 9, 10 பெரும் ஆபத்து. மூன்று மூன்றாக இருப்பது ஏனென்றால், புயல் துறைமுகத்துக்கு இந்தப் பக்கம் கடக்குமா, அந்தப் பக்கம் கடக்குமா, நேராகத் துறைமுகத்துக்கு மேலேயே வருமா என்பதைச் சொல்ல. அதாவது 7ஐவிட 5 "குறைவான" ஆபத்து என்று டிவியில் பேசுவது தப்பு, அது பக்கத்தைச் சொல்கிறது. 11 என்று ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கூண்டு சொல்லாதது கள்ளக்கடல். ஆயிரக்கணக்கான கி.மீ. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ புயல் அடிக்கும், அங்கே கிளம்பிய நீள அலை பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து, ஒரு காற்றும் இல்லாத நாளில் மேலே ஏறும். அதனால்தான் அந்தப் பெயர், திருட்டுத்தனமாக வரும் கடல். இதைச் சொல்வது சென்னை வானிலை மையம் இல்லை, ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்கிற கடல்சார் தகவல் மையம், சுனாமி எச்சரிக்கையும் அவர்களுடையதுதான். கன்னியாகுமரி, தூத்துக்குடி அளவுக்குக் கடலூரில் இது வராது என்றாலும், அலை உயரத்தோடு அலைகளுக்கு இடையே எத்தனை விநாடி என்று அவர்கள் போடுவதையும் அப்பாவிடம் காட்டுங்கள். ஒன்றரை மீட்டர் அலை, ஆறு விநாடி இடைவெளி என்றால் அது வேறு. அதே உயரம், பதினாறு விநாடி இடைவெளி என்றால் முகத்துவாரத்தில் படகைக் கவிழ்க்கும். கூடவே ஃபெஞ்சல் கற்றுக்கொடுத்த மாதிரி, மழை நின்ற பிறகும் சாத்தனூர் நீர்திறப்பு அறிவிப்பைப் பார்க்க வேண்டும். திருவண்ணாமலையில் பெய்த மழை கடலூருக்கு ஆற்று வழியாக அப்புறம் வரும்.

இடிமின்னலைப் பற்றி ரொம்ப எழுத ஒன்றுமில்லை. புனேயில் இருக்கும் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலியை ஏற்றிக்கொள்ளுங்கள், உங்களைச் சுற்றி 20 கி.மீ., 40 கி.மீ. வட்டத்தில் மின்னல் விழுவதைக் காட்டும். நடு வயலில் கையில் ரிமோட்டோடு நிற்கிற ஆளுக்கு அது சிவப்பு எச்சரிக்கையைவிட முக்கியம். பொதுவான எச்சரிக்கைக்கு மாநில அரசின் டிஎன் அலர்ட், மத்திய அரசின் சாசேத் இரண்டில் ஒன்று போதும், இரண்டிலும் வருவது பெரும்பாலும் ஒரே செய்திதான். 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 1077 மாவட்டத்துக்கு. இதைப் போனில் மட்டும் வைக்காமல் சுவரிலும் எழுதி வையுங்கள்.

இனி சூரியன். இங்கே "புயல்" என்று ஒரே சொல்லில் மூன்று வேறு வேறு சங்கதியைப் போட்டுக் குழப்புகிறார்கள். முதலாவது வெடிப்பின் ஒளி. எக்ஸ் கதிர் எட்டே கால் நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும், அதைவிட வேகமாக எந்தச் செய்தியும் வர முடியாது, ஆகவே முன்னெச்சரிக்கை என்பதே இல்லை, "இத்தனை சதவீதம் வாய்ப்பு" என்று மட்டும்தான் சொல்ல முடியும். இது அயனி மண்டலத்தின் (வானத்தின் உச்சியில் மின்னேற்றத்தோடு இருக்கும் அடுக்கு, சிற்றலை அதில் பட்டுத்தான் தூரத்துக்குப் போகும்) கீழடுக்கைக் கெட்டியாக்கும், சிற்றலை வானொலி அப்படியே விழுங்கப்பட்டுவிடும். இதற்கு ஆர்1 முதல் ஆர்5 வரை அளவு. வெடிப்பின் பலத்தை எழுத்தும் எண்ணுமாகச் சொல்வார்கள், எம்மைவிட எக்ஸ் பெரிது. எம்1 வெடிப்பு ஆர்1, எக்ஸ்1 என்றால் ஆர்3, எக்ஸ்20 என்றால் ஆர்5. சூரியன் தெரியும் பக்கத்துக்கு மட்டும்தான் இந்தப் பாதிப்பு. 2024 மே 14இல் எக்ஸ்8.7 என்று ஒரு பெரிய வெடிப்பு, செய்தியில் பயங்கரமாகப் போட்டார்கள். அப்போது நமக்கு இரவு 10.20 மணி. என் ரேடியோவில் இம்மிகூட மாற்றமில்லை. இரண்டாவது, வேகத் துகள்கள், எஸ் அளவு. துருவப் பாதையில் பறக்கும் விமானத்துக்கும் செயற்கைக்கோளுக்கும் அது தலைவலி, கடலூருக்கு இல்லை, விட்டுவிடலாம்.

மூன்றாவதுதான் எல்லோரும் சூரியப் புயல் என்று சொல்வது, ஜி அளவு, சூரியன் தன் காந்தப்புலத்தோடு சேர்த்து வீசியெறியும் பிளாஸ்மா. பூமிக்கு வர முக்கால் நாளிலிருந்து மூன்று நான்கு நாள் வரை ஆகும். "நாளை மறுநாள் வரும்" என்று சொல்வார்கள், ஆனால் எவ்வளவு பலம் என்று அப்போது தெரியாது. ஏனென்றால் வருகிற மேகத்தின் காந்தப்புலம் தெற்கு பார்த்து இருந்தால்தான் பூமியின் புலத்தோடு கோத்துக்கொண்டு உள்ளே ஆற்றலைக் கொட்டும், வடக்கு பார்த்து இருந்தால் உரசிவிட்டுப் போய்விடும். எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைப் பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி நிற்கும் விண்கலங்களை அது கடக்கும்போதுதான் நிச்சயமாக அளக்க முடியும். அங்கிருந்து நமக்கு அது வர 15 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். ஆக, மூன்று நாள் கடிகாரம் ஒன்று, அரை மணிக் கடிகாரம் ஒன்று. முதலாவதை வைத்துச் செய்தி போடுகிறார்கள், இரண்டாவதில்தான் விஷயமே இருக்கிறது. மூன்று நாள் முன்னால் போட்ட "பயங்கர சூரியப் புயல்" பலது புஸ்வாணமாகப் போவது இதனால்தான்.

இரண்டு புயலும் ஒரே நாளில் வந்த கதை ஒன்று உண்டு. 2017 செப்டம்பர் 6. கரீபியனில் இர்மா சூறாவளி விடிவதற்குள் பார்புடாவைத் துவைத்துவிட்டு செயின்ட் மார்ட்டின் தீவில் ஏறியிருந்தது. கைபேசிக் கோபுரமெல்லாம் சாய்ந்தபின் மிச்சம் இருந்தது சிற்றலை ரேடியோதான், ஹரிக்கேன் வாட்ச் நெட் என்கிற ஹாம் குழு 14.325 மெகாஹெர்ட்ஸில் தகவல் சேகரித்துக்கொண்டிருந்தது. அங்கே காலை எட்டு மணிக்கு எக்ஸ்9.3 வெடிப்பு. அலைவரிசை அப்படியே செத்தது. ரேடியோவில் ஒரு கோளாறும் இல்லை, ஆண்டெனா சரி, பேட்டரி சரி, எதிர்முனைக் குரல் மட்டும் இல்லை. பிறகு மீண்டது, ஆனால் அந்த வாரம் முழுக்க இப்படி விட்டு விட்டு நடந்தது. நான் புயல் பார்க்கும்போது சூரியனையும் பார்ப்பது இதற்காகத்தான். எதிர்முனை கேட்கவில்லை என்றால் ஆண்டெனா விழுந்துவிட்டதா, சூரியன் செய்த வேலையா என்று தெரிய வேண்டும். ஆண்டெனா என்றால் மழையில் ஏறிப் பார்க்கணும், சூரியன் என்றால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

உங்கள் ட்ரோனுக்கு வருகிறேன், இதில்தான் பெரும்பாலானோர் தப்பான எண்ணைப் பார்க்கிறார்கள். ட்ரோன் செயலிகளில் கேபி என்று, பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதற்கு 0 முதல் 9 வரை ஓர் எண் இருக்கும், 5 தாண்டினால் பறக்காதே என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கேபி என்பது நமக்கு ரொம்ப வடக்கேயும் தெற்கேயும், ஐரோப்பா, கனடா மாதிரியான அகலாங்குகளில் இருக்கும் 13 நிலையங்களின் அளவீடு, அதுவும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. நாம் இருப்பது காந்த நடுக்கோட்டுக்கு (பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு) பக்கத்தில். 1963இல் தும்பாவில் ராக்கெட் விட்டார்களே, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே காந்த நடுக்கோடு அதன் மேல் போனதால்தான். திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் அதே காரணம். இங்கே சூரியப் புயலே இல்லாத சாதாரண நாளிலும் அயனி மண்டலம் சேட்டை செய்யும். பொழுது சாய்ந்ததும் கீழடுக்கு மளமளவென்று கரைந்துவிடும், மேலே மட்டும் அடர்த்தியாக நிற்கும். எண்ணெய்க்கு மேல் தண்ணீரை ஊற்றின மாதிரி, கீழே இருக்கும் லேசானது குமிழ் குமிழாக மேலே கிளம்பும். அந்தக் குமிழ்களின் வழியாக வரும் செயற்கைக்கோள் சிக்னல், நட்சத்திரம் மினுக்குகிற மாதிரி மினுக்கும், ரிசீவர் பிடியை விடும்.

மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் வருடங்களில், இரவு ஏழரையிலிருந்து நள்ளிரவு வரை இது அதிகம். உங்கள் ஆர்டிகே பெட்டி (செ.மீ. துல்லியத்துக்கு இடம் காட்டும் ஜிபிஎஸ்) ஃபிக்ஸ் ஆகாமல், அதாவது துல்லியம் பிடிக்காமல், ஃப்ளோட்டிலேயே நின்றால், தரையில் வைத்த பேஸ் ஸ்டேஷனைத் திட்டுவதற்கு முன் மணியைப் பாருங்கள். பகலில் வேலை செய்கிறவருக்கு இந்தக் குமிழ் தொல்லை இல்லை. ஆனால் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை அயனி அடர்த்தி உச்சத்தில் இருக்கும், ஒற்றை அலைவரிசை ரிசீவர் என்றால் உயரக் கணக்கில் அது தெரியும், பேஸ் ரொம்பத் தள்ளி இருந்தால் இன்னும் தெரியும். காலையில் பறப்பது நல்லது, வெயிலுக்கும் அதுவே நல்லது. இரட்டை அலைவரிசை ரிசீவர், அயனி மண்டலம் சிக்னலுக்கு உண்டாக்கும் இந்தத் தாமதத்தைக் கழித்துவிடும், ஆனால் மாலைக் குமிழில் இரண்டு அலைவரிசையுமே தடுமாறும், அதற்குப் பணம் கொடுத்துத் தீர்வு வாங்க முடியாது. இதில் வேடிக்கை, பெரிய காந்தப் புயல் வந்தால் நம் பக்கத்தில் அந்தக் குமிழ்கள் சில சமயம் கூடும், சில சமயம் அடியோடு இல்லாமலே போகும், புயல் தொடங்கும்போது இங்கே என்ன மணி என்பதைப் பொறுத்து. கேபி 7 என்று போட்டிருந்த இரவில் அமைதியும் கேபி 2 இரவில் அமர்க்களமும் நான் பார்த்ததுண்டு.

மின்சாரம் போகுமா என்று கேட்டிருந்தீர்கள். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் மொத்த மின்கட்டமைப்பும் ஒன்றரை நிமிடத்தில் விழுந்து ஒன்பது மணி நேரம் 60 லட்சம் பேர் இருட்டில் இருந்தது உண்மை. அது துருவப்பக்கத்து ஊர்களின் பிரச்சினை, நம் அகலாங்கில் அந்த அளவு மின்னோட்டம் பூமியில் தூண்டப்படுவது கடினம். கடலூரில் கரண்ட் போனால் காரணம் மரக்கிளைதான்.

சூரியனைத் தினம் பார்ப்பதில் நம் ஊருக்குப் பழைய சொந்தம் உண்டு, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. கொடைக்கானலில் நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள், கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909இல் கண்டுபிடித்தது அங்கேதான். ஊட்டியில் மலைச்சரிவின் மேலேயே 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கி, தூரத்து ரேடியோ மூலங்கள் மினுக்குவதை வைத்து நடுவே சூரியக் காற்று எப்படி ஓடுகிறது என்று அளந்தது. 2024 ஜனவரி 6 முதல் நம் ஆதித்யா எல்1 விண்கலம் அந்த 15 லட்சம் கி.மீ. இடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் தினசரி முன்னறிவிப்புக்கு இன்னும் அமெரிக்காவின் விண்வெளி வானிலை மையப் பக்கம்தான் எளிது, மூன்று எழுத்து, ஐந்து படி, ஒரு பார்வையில் முடிந்தது.

நான் செய்வது இவ்வளவுதான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை காலையும் மாலையும் சென்னை மண்டல மையத்தின் குறிப்பு, கடலில் ஏதாவது இருந்தால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, கரைக்கு 200 கி.மீ.க்குள் வந்தால் ரேடார். கடலூருக்குச் சென்னை, காரைக்கால் இரண்டு ரேடாரும் எட்டும், ஒன்று படுத்தால் மற்றதைப் பாருங்கள். சூரியனுக்கு நாளைக்கு ஒரு நிமிடம், அதுவும் ரேடியோ போடப்போகும் நாளில். நீங்கள் சர்வேக்குப் போகும் நாளில் பார்த்தால் போதும். எஸ் அளவைப் பார்க்கவே வேண்டாம். அறிவிப்பு ஒலி இரண்டுக்கு மட்டும், சிவப்பு எச்சரிக்கை, தாமினி. மற்றதெல்லாம் ம்யூட், அப்பா கடலுக்குப் போகும் நாளில் இன்காய்ஸ் குறிப்பை மட்டும் நீங்களே திறந்து பாருங்கள்.

அந்த 11ஆம் எண் கூண்டு. வானிலை மையத்தோடு துறைமுகத்துக்கு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது, ஆனால் மோசமான வானிலை வருகிறது என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார், அதுதான் அதன் பொருள். அதை யாரும் முன்னறிவிப்பைப் பார்த்து ஏற்றுவதில்லை, வானத்தைப் பார்த்து ஏற்றுகிறார்கள். அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அவர் பார்த்திருக்கிறாரா என்று. நான் பார்த்ததில்லை.